வேரிழந்த பானம்



சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் என் முன்னே ஒரு குவளைப் பானத்தை வைத்தார். கறுத்த நிறம், மேலே வெண்ணுரை. பெயர் ரூட் பீர் என்றார். பீர் என்ற சொல் காதில் விழுந்ததும் என் கை தயங்கியது. "அஞ்ச வேண்டா, இதில் மது இல்லை" என்று சிரித்தார். ஒரு வாய் பருகினேன். பாதி நன்னாரிச் சர்பத்தாகவும் பாதி வலித் தைலமாகவும் இருந்தது! இவ்விந்தைக் கலவையின் பிறப்பை ஆராயத் தூண்டியது அந்த ஒரு வாய்தான்.

இதன் தாயகம் வட அமெரிக்கா. அங்கே சசாப்ராஸ் என்றொரு மரம் உண்டு. அதன் வேர்ப்பட்டையின் நறுமணத்தையும் மருந்துப் பயனையும் அந்நாட்டுப் பழங்குடியினரே முதலில் அறிந்தவர்கள். அவர்களிடமிருந்து ஐரோப்பியர் அறிந்தனர். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் மொனார்டஸ் இம்மரத்தைத் தம் நூலில் பெரிதும் புகழ்ந்தார். பிறகு கேட்க வேண்டுமா? 1602, 1603 ஆம் ஆண்டுகளில் ஆங்கிலக் கப்பல்கள் இவ்வேரைத் தேடியே அமெரிக்கக் கரைக்குச் சென்றன.

குடியேறியவர்களின் வீடுகளில் இவ்வேர் பானமாயிற்று. சசாப்ராஸ் வேர், சார்சபரில்லா வேர், பிர்ச்சு மரப்பட்டை, விண்டர்கிரீன் இலை, அதிமதுரம், இஞ்சி எனக் கைக்குக் கிடைத்தவற்றைக் கொதிக்க வைப்பர். வடித்த நீரில் வெல்லப்பாகு போன்ற இனிப்பைக் கூட்டி, ஆறியபின் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைச் சேர்த்துப் புட்டியில் அடைப்பர். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு கரியமில வாயுவையும் சிறிதளவு மதுவையும் வெளியிடும். வெளியேற வழியற்ற வாயு நீரிலேயே கரைந்து, மூடியைத் திறந்ததும் நுரையாய்ப் பொங்கும். பீர் என்ற பெயர் பொருந்தியது இதனாலேதான். என் நாவில் பட்ட வலித் தைலத்திற்கும் காரணம் உண்டு: விண்டர்கிரீன் இலையிலும் பிர்ச்சுப் பட்டையிலும் கிடைக்கும் மெத்தில் சாலிசிலேட் என்ற பொருளே நம் தைலங்களுக்கும் மணம் தருவது.

இதனைப் பெரும் வாணிகமாக்கியவர் பிலடெல்பியா நகர மருந்து வணிகர் சார்லஸ் ஹைர்ஸ். 1876 இல் அந்நகரில் நடந்த பெரும் பொருட்காட்சியில் தம் பானத்தை அறிமுகம் செய்தார். உலர்ந்த வேரும் பட்டையும் கலந்த அவருடைய பொட்டலத்தின் விலை 25 சென்ட். அதிலிருந்து ஐந்து காலன் பானம் செய்யலாம். முதலில் அவர் 'வேர்த் தேநீர்' என்றே பெயரிட எண்ணினார் என்றும், சுரங்கத் தொழிலாளர் தேநீரை விரும்பார் என்று நண்பர் ஒருவர் தடுத்தார் என்றும் கூறுவர்.

பெயர் விற்பனைக்கு உதவியது, வம்பையும் கொணர்ந்தது. ஹைர்ஸ் மதுவிலக்கில் பற்றுடையவர். மதுவுக்கு மாற்றாகவே இதனை விற்றார். எனினும் 1895 இல் கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கம், "இதுவும் மதுவே" என்று விலக்கு விதித்தது. ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, ஒரு புட்டியில் இருந்த மது அரை ரொட்டியில் இருப்பதற்கு மேல் இல்லை எனத் தெரிந்தது. 1898 இல் விலக்கு நீங்கியது. சோதனையை முதலிலேயே செய்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த சோதனையில் வேரே தோற்றது. சசாப்ராஸ் மணத்திற்கு மூலமான சாஃப்ரோல் எலிகளின் ஈரலில் புற்றுநோயை உண்டாக்குவதாக ஆய்வாளர் கண்டனர். 1960 இல் அமெரிக்க அரசு அதனை உணவுப் பொருள்களில் சேர்க்கத் தடை விதித்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மருந்தென்று போற்றிய வேர் அது! பானம் செய்வோர் சாஃப்ரோல் நீக்கிய சாற்றையும் செயற்கை மணங்களையும் நாடினர்.

நன்னாரி நினைவு எனக்கு ஏன் வந்தது? சார்சபரில்லாவும் நன்னாரியும் வேறு வேறு குடும்பச் செடிகள். ஆயினும் ஆங்கிலேயர் நன்னாரியை 'இந்திய சார்சபரில்லா' என்றழைத்து, 1864 ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மருந்து நூலிலும் சேர்த்தனர். நன்னாரியின் மணப்பொருள் வனிலாவின் மணப்பொருளுக்கு மிக நெருங்கிய உறவு. ரூட் பீரிலோ வனிலா சேர்ப்பது வழக்கம். என் நாக்கு முற்றிலும் தவறிவிடவில்லை.

பின்னொரு நாள் அதே பானத்தின் புட்டியை வாங்கி, ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். நீர், சர்க்கரை, நிறம், மணம் என்று எழுதியிருந்தது. வேரின் பெயர் ஒன்றும் அதில் இல்லை.