வெயில் காய ஊரே தெருவுக்கு வரும்! ஸ்டாக்ஹோம் வசந்தத்தை ரசிப்பது எப்படி?

ஏப்ரல் மாத மத்தியானம் நம்ம ஊர்ல வெளியே கிளம்பினா, ரோட்டுல நிழல் எந்தப் பக்கம் விழுதோ அந்தப் பக்கமாத்தான் நடப்போம். அதே ஏப்ரல்ல ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் போனா எல்லாமே தலைகீழ். நிழல் விழுற பிளாட்பாரம் காத்தாடும். வெயில் அடிக்கிற பக்கம் கூட்டம் நெரியும். நோபல் பரிசு வழங்கும் விழா நடக்குமே, அந்த நீல நிறக் கச்சேரி அரங்கத்தோட வாசல் படிக்கட்டைப் பாருங்க. ஆபீஸ் போறவங்க, காலேஜ் பசங்க, தாத்தா பாட்டின்னு கலந்து கட்டி உட்கார்ந்து, கண்ணை மூடி, முகத்தைச் சூரியனுக்குக் காட்டிக்கிட்டு இருப்பாங்க. தியானம்லாம் இல்ல பாஸ், வெயில் காயுறாங்க!

காரணம் ரொம்ப சிம்பிள். டிசம்பர்ல அங்கே சூரியன் 9 மணிக்குக் கொஞ்சம் முன்னாடி எட்டிப்பார்த்து, மதியம் 3 மணிக்குள்ள மறைஞ்சுடும். பகல் மொத்தமே 6 மணி நேரம்தான். ஏப்ரல் கடைசியில அதுவே 15 மணி நேரத்தைத் தாண்டிடும். வசந்தத்துல தினமும் சுமார் 5 நிமிஷம் பகல் நீளுது. பல மாசம் இருட்டுல இருந்தவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. அதனால, மியூசியம் லிஸ்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா டிக் அடிக்கிற டூர் இந்த சீசனுக்கு வேஸ்ட். வெயில் அடிச்சா வெளியே, மழை வந்தா உள்ளே. பிளான் அவ்வளவுதான்.

எப்போ போகலாம்?

ஸ்வீடன் வானிலைத் துறை, தேதியை வெச்சு வசந்தத்தை அறிவிக்கிறதில்லை. தொடர்ந்து 7 நாள் சராசரி வெப்பநிலை 0 டிகிரிக்கு மேல இருந்தாத்தான் வசந்தம் வந்ததா கணக்கு. இந்தக் கணக்குப்படி மார்ச்லயே வசந்தம் வந்துடலாம். அதை நம்பி டிக்கெட் போட்டுடாதீங்க! காலையில வெயில், மதியம் மழை, சாயங்காலம் பனித்தூறல்னு ஒரே நாள்ல மூணையும் காட்டுற ஊர் அது. இதுக்கு அவங்க வெச்சிருக்கிற பேரே 'ஏப்ரல் வானிலை'தான். இன்னொரு தொல்லை, தூசி. குளிர்காலத்துல யாரும் வழுக்கி விழாம இருக்க பிளாட்பாரத்துல கொட்டின மணலையும் ஜல்லியையும் வசந்தத்துலதான் கூட்டி அள்ளுவாங்க. ஆஸ்துமா இருக்கிறவங்க கவனம்.

ஏப்ரல் கடைசி வாரத்துல இருந்து மே மூணாவது வாரம் வரைக்கும் சரியான நேரம். மே மாதப் பகல்ல 16 டிகிரி சாதாரணம். ஆனா ராத்திரி சட்டுனு குளிரும். ஒரே ஒரு தடி ஜாக்கெட்டுக்குப் பதிலா, கழட்டி மாட்டுற மாதிரி மூணு மெல்லிய அடுக்கா எடுத்துட்டுப் போங்க.

63 செர்ரி மரங்கள்

இன்ஸ்டாவுல நீங்க பார்த்திருக்கிற அந்தப் பிங்க் நிற போட்டோ, ஊர் நடுவுல இருக்கிற குங்ஸ்ட்ரேட்கோர்டன் பூங்காவுல எடுத்தது. 1998-ல நட்ட 63 ஜப்பானிய செர்ரி மரங்கள் ரெண்டு வரிசையா நிக்கும். பூத்தா ஒண்ணு ரெண்டு வாரம்தான். எப்போ பூக்கும்னு முன்கூட்டியே தேதி சொல்ல முடியாது. அதனால செர்ரியை மட்டும் நம்பி லட்சக்கணக்குல செலவு பண்ணாதீங்க. இருந்தா போனஸ்னு வெச்சுக்கோங்க. போட்டோ வேணும்னா காலை 7 மணிக்கே போயிடுங்க. பத்து மணிக்கு மேல, உங்க பிரேம்ல பூவைவிட செல்பி ஸ்டிக்தான் அதிகம் இருக்கும்.

அங்கேயே டீக்கடை பக்கம் இருக்கிற எல்ம் மரங்களைக் கவனிக்காம வந்துடாதீங்க. மெட்ரோ ஸ்டேஷன் வாசலுக்காக அந்த மரங்களை வெட்ட நகர நிர்வாகம் முடிவு பண்ணுச்சு. 1971 மே மாதம், ராத்திரி நேரத்துல வெட்ட ஆள் வந்தப்போ, மக்கள் போலீஸ் வேலியைத் தாண்டி உள்ளே போய் மரத்து மேல ஏறி உட்கார்ந்துட்டாங்க. நிர்வாகம் பின்வாங்குச்சு, மெட்ரோ வாசல் வேற இடத்துக்குப் போச்சு. என்னைக் கேட்டா, பிங்க் பூவைவிட இந்த மரங்களுக்குத்தான் ஒரு போட்டோ எடுக்கணும்.

தேதி மாறாத விஷயம் ஒண்ணு இருக்கு, வால்போரி. ஏப்ரல் 30 சாயங்காலம் பெரிய பெரிய சொக்கப்பனை கொளுத்தி, பாடகர் குழுக்கள் வசந்தப் பாட்டுப் பாடி, குளிர்காலத்தை வழியனுப்பி வைப்பாங்க. மன்னர் கார்ல் குஸ்தாவ் பொறந்த நாளும் அன்னிக்குத்தான். ஊரெல்லாம் கொடி பறக்கும். நெருப்புக்குப் பக்கத்துல நிக்க ஸ்கான்சென் நல்ல இடம். 1891-ல ஆரம்பிச்ச திறந்தவெளி மியூசியம் அது. நாடு முழுக்க இருந்து பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து வெச்சிருக்காங்க. மறுநாள் மே 1 அரசு விடுமுறை. பல கடைகள் திறக்காது, தேவையானதை முன்னாடியே வாங்கிடுங்க.

ஸ்கான்சென் இருக்கிற யூர்கோர்டன் தீவுக்கு ஸ்லூசென்ல இருந்து படகு போகுது. மெட்ரோ டிக்கெட்டே அதுக்கும் செல்லும். தீவுல பெரிய ஓக் மரங்களுக்கு அடியில, இலை துளிர்க்கிறதுக்கு முன்னாடியே தரை முழுக்கக் குட்டிக் குட்டி வெள்ளைப் பூக்கள் பூத்துக் கிடக்கும். மரம் இலை விட்டா நிழல் விழுந்துடும்ல, அதான் அந்தச் செடிகளுக்கு அவ்வளவு அவசரம். 1628-ல முதல் பயணத்துலயே மூழ்கின வாசா கப்பலோட மியூசியமும் இதே தீவுலதான். அதை மழை வர்ற நாளுக்கு எடுத்து வைங்க.

சாப்பாடு, பர்ஸ், விசா

காபியும் பன்னும் வெச்சுக்கிட்டு அரட்டை அடிக்கிறதுக்கு அங்கே 'ஃபீகா'ன்னு பேரு. இலவங்கப்பட்டை பன் பிரபலம்தான், ஆனா ஏலக்காய் பன்னை விட்டுடாதீங்க. ஓவனைத் திறந்ததும் பாயசம் வைக்கிற வீட்டு வாசனை வரும். ஹோட்டல் வாசல்ல நாற்காலி போட்டு, மடியில போத்திக்கப் போர்வையும் தருவாங்க. 8 டிகிரில வெளியே உட்கார்ந்து சாப்பிடுறது அவங்களுக்கு வசந்த சந்தோஷம்! பட்ஜெட் ஆளுங்க, வார நாட்கள்ல மதியம் 'டாகென்ஸ் லஞ்ச்' கேளுங்க. சாலட், ரொட்டி, பெரும்பாலும் காபியும் அந்த விலையிலேயே சேர்ந்துடும். ராத்திரிச் சாப்பாட்டைவிட நல்லாவே சீப். குழாய்த் தண்ணியைத் தைரியமா குடிக்கலாம், பாட்டில் வாங்குறது தண்டச் செலவு.

அங்கே யூரோ இல்ல, க்ரோனா. அதையும் நோட்டா மாத்திட்டுப் போகாதீங்க, பல கடைகள்ல ரொக்கமே வாங்க மாட்டாங்க. சர்வதேசப் பரிவர்த்தனையை ஆன் பண்ணின கார்டு ரெண்டு இருக்கட்டும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் எடுக்கணும். ஏப்ரல் கடைசியில போறதா இருந்தா, விண்ணப்பத்தை ஜனவரியிலயே முடிச்சுடுறது நல்லது.

கடைசி நாள் சாயங்காலத்தை மட்டும் சோடெர்மால்ம் தீவுல இருக்கிற மொன்டேலியுஸ்வேகனுக்கு ஒதுக்குங்க. குன்றோட விளிம்புல ஒரு சின்ன நடைபாதை, டிக்கெட் கிடையாது. கீழே மேலாரென் ஏரி, எதிர்க்கரையில செங்கல் நிறத்துல சிட்டி ஹால். மே நடுவுல சூரியன் மறையவே 9 மணிக்கு மேல ஆகும். இருட்டினதும் ரூமுக்குக் கிளம்பலாம்னு உட்கார்ந்தீங்கன்னா, மணி 10 ஆனாலும் வானத்துல வெளிச்சம் பாக்கி இருக்கும்.