அறுவை மருத்துவர் எட்வர்டு பால்ஃபோர்: நலவாழ்வு, கல்வி, மரச்செறிவு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

தமிழில் அறிவியல் எழுத்து வளர்ந்த வரலாற்றைக் கற்பிக்கும்போது நாம் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்தே தொடங்குகிறோம். 1847இல் அங்கு வந்து, மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீனின் பெயர் நம் வகுப்பறைகளில் நிலைபெற்றுவிட்டது. அச்சிறப்புக்கு அவர் முற்றிலும் உரியவரே. ஆயின் பாக்கு நீரிணையின் மறுகரையில், சென்னைப் படையில் பணியாற்றிய ஓர் அறுவை மருத்துவரும் மகப்பேற்று மருத்துவ நூலொன்றைத் தம் சொந்தச் செலவில் தமிழில் பெயர்க்கச் செய்து அச்சிட்டார் என்னும் செய்தி அத்துணை பேசப்படவில்லை. அவர் எட்வர்டு கிரீன் பால்ஃபோர் (1813-1889).

பால்ஃபோரை அறிந்தவர்களும் அவரைத் துண்டு துண்டாகவே அறிந்திருக்கின்றனர். அருங்காட்சியக வரலாறு எழுதுவோர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளராக அவரைக் காட்டுவர். சுற்றுச்சூழல் வரலாற்றாசிரியர்கள் மரம், மழை பற்றிய அவரது கட்டுரையைச் சுட்டுவர். பெண்களின் மருத்துவக் கல்வியை ஆராய்வோர்க்கு அவர் ஒரு சர்ஜன் ஜெனரல். இம்மூன்றும் ஒருவருடைய பலதுறை ஆர்வங்கள் என்று பாராட்டிவிட்டுக் கடந்துவிடுவது எளிது. அவை ஒரே வினாவிலிருந்து கிளைத்தவை என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஒரு நிலப்பகுதியில் வாழ்வோர் ஏன் மற்றொரு பகுதியில் வாழ்வோரைவிட மிகுதியாக நோயுற்று இறக்கின்றனர் என்பதே அவ்வினா.

மொரிசியசு வழியாகச் சென்னைக்கு

ஸ்காட்லாந்தின் மான்ட்ரோசில் பிறந்த பால்ஃபோர் எடின்பரோவில் அறுவை மருத்துவம் பயின்றார். கும்பினியின் மருத்துவப் பணியில் இருந்து, பின்னர் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினரான ஜோசப் ஹியூம் இவருடைய தாய்மாமன். இந்தியத் தேசிய காங்கிரசைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ஏ. ஓ. ஹியூம் அவ்வகையில் இவருக்கு மாமன் மகனாவார். 1834இல் இந்தியாவுக்குக் கப்பலேறிய பால்ஃபோர், வழியில் மொரிசியசுத் தீவைக் கண்டார். கரும்புக்காகக் காடழிந்த நிலத்தை அங்கு நேரில் பார்த்தது அவருடைய சிந்தனையில் ஆழப் பதிந்தது. காடழிந்தால் நீர்வளம் குன்றும் என்று கருதி 1769இலேயே பிரெஞ்சு ஆட்சியாளர் மரப்பாதுகாப்பு விதிகளை இயற்றிய தீவு அது. ஒரு மருத்துவர் மரங்களைப் பற்றி எழுத நேர்ந்ததற்கு இத்தீவும் ஒரு காரணம் எனலாம். 1836இல் அவர் சென்னைப் படையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார்.

படைமுகாமும் நோய்க்கணக்கும்

அக்காலச் சிப்பாய் போரில் மாண்டதைவிடப் பாசறையில் மாண்டதே அதிகம். வாந்திபேதியும் காய்ச்சலும் சீதபேதியும் படைப்பிரிவுகளை அரித்தன. பால்ஃபோர் மருந்தைத் தேடுமுன் கணக்கைத் தேடினார். எந்த முகாமில் எத்தனை பேர், எந்நோயால், எப்பருவத்தில் இறந்தனர் என்று பிரித்துப் பார்த்தார். நலமான இடங்களைத் தேர்ந்து முகாம் அமைப்பதன்வழிப் படையினரின் நலத்தைக் காப்பது பற்றி 1845இல் எழுதினார். வாந்திபேதி பற்றிய புள்ளிவிவர நூல் 1849இல் சென்னையில் வெளிவந்தது.

நோய்க்கிருமிக் கொள்கை அப்போது வேரூன்றவில்லை. காய்ச்சலுக்குக் கெட்ட காற்றே காரணம் என நம்பினர். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897இல்தான். எனவே பால்ஃபோரின் விளக்கங்களுட் பல இன்று நில்லா. இடம் மாறினால் இறப்பு மாறுகிறது என்ற அவருடைய கணக்கோ நிற்கிறது. இக்கணக்கு யாருக்காக எடுக்கப்பட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பயிற்றுவித்த சிப்பாய் கும்பினிக்கு விலையுயர்ந்த உடைமை. அவ்வுடைமையைக் காக்கவே இக்கணக்கு முதலில் தேவைப்பட்டது.

மரமும் மழையும்

இடத்தைப் பற்றிய ஆய்வு அவரை நீரிடம் கொண்டு சென்றது. நீர் மரத்திடம் கொண்டு சென்றது. மழையை வருவிப்பதிலும் ஈரத்தைக் காப்பதிலும் மரங்களின் பங்கு பற்றிய அவரது கட்டுரை 1849இல் சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் வெளியாயிற்று. அன்றைய மருத்துவர் பலர் இதற்கு மாறான கருத்தினர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அடர்காடு காய்ச்சலை விளைவிக்கும், அதை வெட்டித் திருத்துவதே நலம் என்ற எண்ணம் வலுப்பெற்றிருந்த காலம் அது. ஒரு படை மருத்துவர் காட்டுக்காக வாதிட்டது அதனாலேயே கருதத்தக்கது.

அவருடைய கருத்துக்குப் பின்புலமாக ஐரோப்பிய அறிவியலில் ஒரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. தென்னமெரிக்காவில் வலென்சியா ஏரியின் நீர்மட்டம் தாழ்வதைக் கண்ட அலெக்சாண்டர் ஹம்போல்ட், சுற்றியிருந்த காடுகளை அழித்ததே அதற்குக் காரணம் என்றார். பின்னர் அங்குச் சென்ற பூசிங்கோ, போர்க்காலத்தில் கைவிடப்பட்ட வயல்களில் மரம் மீண்டும் வளர, ஏரியும் மீண்டும் உயர்ந்ததாகக் கண்டார். மொரிசியசும் வலென்சியாவும் தக்காணத்தின் வறண்ட மாவட்டங்களும் பால்ஃபோரின் நோக்கில் ஒரே வரிசையில் வந்தன. மரம் குறைந்தால் நிலத்தின் ஈரம் குறையும். ஈரம் குறைந்தால் விளைச்சல் குறையும். விளைச்சல் பொய்த்தால் பஞ்சம். பஞ்சத்தின் பின்னே கொள்ளைநோய். அறுவை மருத்துவர் ஒருவரின் சிந்தனைத் தொடர்ச்சியாக இதைப் படிக்கும்போதுதான் மூன்று துறைகளும் ஒன்றாகப் புலப்படுகின்றன.

மரங்கள் ஒரு வட்டாரத்தின் மழையளவை நேரடியாகக் கூட்டும் என்ற பகுதி இன்றும் வாதத்திற்குரியது. காட்டுமண் நீரை உறிஞ்சித் தேக்கி மெல்ல விடுவிக்கும், மண்ணரிப்பைத் தடுக்கும் என்ற பகுதியில் இன்று ஐயம் குறைவு. அவர் ஓய்வு பெற்ற 1876இலேயே சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் பற்றிக்கொண்டது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். இலங்கைக்கும் மலாயாவுக்கும் கூலிகளாகக் கப்பலேறிய நம் முன்னோருள் அப்பஞ்சம் துரத்தியவர்களும் உண்டு. பஞ்சத்துக்கு மழை பொய்த்தது மட்டும் காரணமன்று. தானிய ஏற்றுமதியும் ஆட்சியாளரின் வரிக்கொள்கையும் நிவாரணத்தில் காட்டிய கஞ்சத்தனமும் சேர்ந்தே உயிர்களைக் குடித்தன. பால்ஃபோரின் மரக்கொள்கை இவற்றைப் பற்றிப் பேசவில்லை. அவருடைய சிந்தனையின் எல்லை அங்குத் தெரிகிறது.

மற்றோர் எல்லையும் உண்டு. சென்னையிலேயே பிறந்த இன்னோர் அறுவை மருத்துவரான ஹியூ கிளெக்ஹார்ன் 1856இல் மாகாணத்தின் காட்டுக்காப்பாளரானார். இம்மருத்துவர்களின் எச்சரிக்கைகள் அரசின் கைக்குச் சென்றபின் பெற்ற வடிவம் வேறு. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காட்டை ஒதுக்கீடு செய்தபோது, விறகும் மேய்ச்சலும் தழையுரமும் சிற்றூராரின் உரிமையிலிருந்து நழுவின. மரத்தைக் காக்க எழுந்த வாதம் மரத்தடியில் வாழ்ந்தவனுக்கு எதிராகவும் பயன்பட்டது.

செத்த காலேஜும் உயிர்க் காலேஜும்

சென்னை இலக்கியக் கழகம் அளித்த 1,100 நிலவியல் மாதிரிகளைக் கொண்டு 1851இல் அரசு அருங்காட்சியகம் தொடங்கியது. முதல் இருப்பிடம் கோட்டைக் கல்லூரிக் கட்டடம். 1854இல் எழும்பூருக்கு மாறியது. கர்நாடக நவாபைத் தூண்டி அவரது விலங்குகளைப் பெற்ற பால்ஃபோர், 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே விலங்குக் காட்சியையும் நிறுவினார். ஓராண்டில் அங்கு முந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் சேர்ந்தன. பின்னர் நகரின் பீப்பிள்ஸ் பார்க்கிற்குச் சென்ற அக்காட்சிச்சாலையே 1985இல் திறக்கப்பட்ட வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் முன்னோடி. சென்னை மக்கள் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் விலங்குக் காட்சிச்சாலையை ‘உயிர்க் காலேஜ்’ என்றும் நெடுங்காலம் வழங்கினர். கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கியதன் சுவடு அப்பெயரில் இருக்கலாம். எவ்வாறாயினும், எழுத்தறியாதவனும் நுழைந்து கற்கக்கூடிய இடம் என்ற பொருளில் ‘காலேஜ்’ என்னும் சொல் அங்குத் தவறாகப் பொருந்திவிடவில்லை.

மகளிர் மருத்துவக் கல்வி

1871 முதல் 1876 வரை அவர் சென்னை மாகாணத்தின் சர்ஜன் ஜெனரல். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட நாணியோ குலவழக்கினால் தடுக்கப்பட்டோ பெண்கள் சிகிச்சையின்றி மடிவதைக் கருதி, பெண்களுக்கு மருத்துவக் கல்லூரியில் இடமளிக்குமாறு 1872இல் அவர் பரிந்துரைத்தார். 1875இல் நால்வர் சேர்ந்தனர். இங்கிலாந்திலேயே பெண்கள் மருத்துவக் கல்விக்குப் போராடிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அந்நால்வருள் மேரி ஷார்லீப் குறிப்பிடத்தக்கவர். 1885இல் சென்னையில் பெண்களுக்கெனத் தோன்றிய மருத்துவமனை அவருடைய முயற்சியால் எழுந்தது. அதுவே இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. முதல் நால்வருள் தமிழ்ப்பெண் எவரும் இல்லை. அதே கல்லூரியிலிருந்து முத்துலட்சுமி ரெட்டி பட்டம் பெற்று வெளிவர 1912 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தமிழுக்கு வந்த மகப்பேற்று நூல்

மருத்துவக் கல்லூரியின் வாயில் திறப்பதற்கு முன்பே பால்ஃபோர் வேறொரு வழியில் பிரசவ அறைக்குள் நுழைய முயன்றிருந்தார். கான்குவெஸ்ட் என்பாரின் மகப்பேற்று மருத்துவச் சுருக்கநூலை அவரே இந்துஸ்தானியில் மொழிபெயர்த்தார். அதே நூலைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றிலும் பெயர்க்கச் செய்து தம் பணத்தில் அச்சிட்டார். உலகப் புள்ளிவிவரப் படம் ஒன்றையும் தமிழிலும் தெலுங்கிலும் வெளியிடச் செய்தார். ஆங்கிலம் கற்றபின்தான் அறிவியல் என்று அவர் காத்திருக்கவில்லை.

அவருடைய இந்தியக் கலைக்களஞ்சியம் 1857இல் முதலில் வெளிவந்து, 1885இல் மூன்று தொகுதிகளாக விரிந்தது. அதன் முழுப்பெயரில் கிழக்கு ஆசியாவும் தென்னாசியாவும் இடம்பெற்றிருப்பது நம் வட்டாரத்தார்க்குச் சிறப்புடையது. மரஞ்செடிகளுக்கான பதிவுகளில் தமிழ்ப் பெயரும் மலாய்ப் பெயரும் அருகருகே ரோமன் எழுத்தில் நிற்கக் காணலாம். 1858இல் வெளியான மரவகைகள் பற்றிய நூலும் இத்தகையதே. சொற்பொருள் ஆய்வில் ஈடுபடும் நம் மாணவர்க்கு இது கைபடாத வயல். கலைச்சொல்லாக்கம் கற்பிக்கும் ஆசிரியர் கருப்பை, கருக்குழந்தை, பேறுகாலம் ஆகியவற்றிற்குக் கிரீன் கையாண்ட தமிழ்ச்சொற்களையும் பால்ஃபோர் அச்சிடுவித்த நூலின் சொற்களையும் ஒருங்கே வைத்து வகுப்பில் ஒப்பிடுவாராயின், மிஷன் மருத்துவமனையில் பிறந்த தமிழுக்கும் படை மருத்துவரின் செலவில் பிறந்த தமிழுக்கும் உள்ள உறவு துலங்கும்.