ஒரே தண்ணீர்: மீனுக்கா, ஊருக்கா?

அணையில் நிறைந்து நிற்கும் நீர் யாருக்குச் சொந்தம்? கரையோரம் வாழும் ஊர் மக்களுக்கா? மின்சாரம் எடுக்கும் அரசுக்கா? அல்லது அணை எழுவதற்கு முன்பிருந்தே அந்த ஆற்றில் நீந்தி வந்த மீன்களுக்கா? அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலத்திலுள்ள டுவர்ஷாக் நீர்த்தேக்கத்தின் வரலாறு இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

கிளியர்வாட்டர் ஆற்றின் வடகிளையில், ஓரோஃபினோ எனும் சிற்றூருக்கு அருகே 1973ஆம் ஆண்டில் இந்த அணை கட்டி முடிக்கப்பட்டது. இதன் உயரம் ஏறத்தாழ 219 மீட்டர். அமெரிக்காவின் மிக உயர்ந்த அணைகளில் இதுவும் ஒன்று. வெள்ளத் தடுப்பும் மின் உற்பத்தியும் முக்கிய நோக்கங்கள். மலைகளுக்கு இடையே 80 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஏரி உருவானதும் படகுத் துறைகளும் கூடார முகாம்களும் வந்தன. கோடைகால ஏரி அவ்வூரின் வருமானத்தில் ஒரு பங்கானது.

ஆனால் அந்த ஏரிக்கு ஒரு விலை இருந்தது. இவ்வளவு உயரமான அணையில் மீன்கள் ஏறிச் செல்லப் படிக்கட்டு அமைக்கப்படவில்லை. கடலிலிருந்து வந்து வடகிளையில் முட்டையிட்ட ஸ்டீல்ஹெட் மீன்களின் பாதை அடியோடு மூடப்பட்டது. அந்த இழப்பை ஈடுகட்ட அணைக்குக் கீழே பெரிய மீன் குஞ்சுப் பண்ணை அமைந்தது. 1855ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் தங்கள் மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுக்காத நெஸ் பெர்ஸ் பூர்வகுடி மக்களுக்கோ, இழந்தது வெறும் மீன் மட்டுமல்ல; தலைமுறைகளின் வாழ்க்கை.

அடுத்த சிக்கல் ஆற்றின் கீழ்ப்பகுதியில் எழுந்தது. கிளியர்வாட்டர் போய்ச் சேரும் ஸ்னேக் ஆற்றில் வரிசையாக நான்கு அணைகள் கட்டப்பட்டன. கடைசி அணையான லோயர் கிரானிட் 1975இல் முடிந்தது. தேங்கி மெதுவாக நகரும் நீர் கோடை வெயிலில் சூடேறுகிறது. 20 டிகிரி செல்சியசைத் தாண்டினால் சால்மன் மீன்கள் தளர்ந்து நோய்வாய்ப்படுகின்றன. 1991இல் ஸ்னேக் ஆற்றின் சாக்கை சால்மன் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டில், கடலிலிருந்து 1,400 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து ரெட்ஃபிஷ் ஏரிக்குத் திரும்பியது ஒரே ஒரு மீன்தான்!

அப்போது எல்லோருடைய கண்ணும் டுவர்ஷாக் பக்கம் திரும்பியது. காரணம், அதன் ஆழம். மேற்பரப்பு வெதுவெதுப்பாக இருந்தாலும் அடியில் பனிநீர் போன்ற குளிர்ச்சி. வெவ்வேறு ஆழத்திலிருந்து நீரைத் தேர்ந்தெடுத்து வெளியேற்றும் மதகுகளும் அணையில் உண்டு. அந்தக் குளிர்நீரைத் திறந்துவிட்டால் சில நாட்களில் லோயர் கிரானிட்டில் ஆற்றின் வெப்பம் தணியும்.

இதனால் கோடைதோறும் ஏரியின் மட்டம் சுமார் 24 மீட்டர் இறங்கலாயிற்று. சுற்றுப்பயணிகள் வருவதும் அதே மாதங்களில்தான். நீர் விலகியதும் சில படகுத் துறைகள் தரையில் நின்றன. முகாம்களுக்கும் தண்ணீருக்கும் இடையே செங்குத்தான சேற்றுச் சரிவு நீண்டது. சாக்கை சால்மனோ கிளியர்வாட்டர் பக்கமே வருவதில்லை. ஸ்னேக் ஆற்றிலிருந்து சால்மன் ஆறு வழியே மேலே போய்விடுகிறது. எங்கோ போகும் மீனுக்காக நம் ஏரி வற்ற வேண்டுமா என்று ஊரார் கேட்டால், அதைப் பேராசை என்று ஒதுக்க முடியுமா?

மீன்களுக்குள்ளும் இந்த முரண்பாடு உண்டு. அளவுக்கு மீறிய குளிர்ச்சி, கீழ் கிளியர்வாட்டரில் வளரும் சினூக் சால்மன் குஞ்சுகளின் வளர்ச்சியை மந்தமாக்குகிறது. எனவே எவ்வளவு நீர் என்பதோடு, எப்போது, எந்தக் குளிர்ச்சியில் என்பதும் கணக்காயிற்று.

2004ஆம் ஆண்டின் ஸ்னேக் ஆற்று நீருரிமை உடன்பாடு இதில் ஒரு திருப்பம். ஏரியில் 2 இலட்சம் ஏக்கர் அடி நீரை, அதாவது ஏறக்குறைய 24 கோடியே 70 இலட்சம் கனமீட்டரை, மீன் நலனுக்காகப் பயன்படுத்தும் முறையை வகுப்பதில் நெஸ் பெர்ஸ் மக்களுக்கு முக்கிய இடம் கிடைத்தது. ஆகஸ்டு இறுதிக்குள் முழுவதையும் திறந்துவிடாமல், ஒரு பகுதி செப்டம்பருக்கு ஒதுக்கப்பட்டது. பிந்தி வரும் மீன்களுக்குக் குளிர்நீர் கிடைத்தது. ஏரியும் கோடையில் சற்று மெதுவாக இறங்கியது. மீன் குஞ்சுப் பண்ணையின் நிர்வாகத்திலும் அம்மக்கள் பங்கு பெற்றனர்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 2015இன் கடும் வெப்பத்தில், கொலம்பியா ஆற்றுப் படுகையில் சுமார் இரண்டரை இலட்சம் சாக்கை சால்மன்கள் மடிந்தன. டுவர்ஷாக்கின் குளிர்ச்சி லோயர் கிரானிட் வட்டாரத்தில் உதவியது. அதற்கு வெகு கீழே ஆறு கொதித்தபோது அதனால் எட்ட முடியவில்லை. ஓர் ஏரியைப் பலி கொடுத்து ஒரு படுகையையே காப்பாற்றிவிட முடியாது என்பதை அந்த ஆண்டு உணர்த்தியது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டுவர்ஷாக் ஏரியில் தூண்டில் போடுவோர் ஆவலோடு தேடும் கோகனி மீன், கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வாழும் சாக்கை சால்மன்தான். ஊரார் பிடித்து மகிழும் மீனும், அதிகாரிகள் காக்கப் போராடும் மீனும் ஒரே இனம். ஊருக்கும் மீனுக்கும் பகை இல்லை. இருவருக்கும் தண்ணீர் தேவைப்படும் மாதம் ஒன்றாகிவிட்டது, சிக்கல் அங்கேதான். அந்த நாட்காட்டியை யார், யாரைக் கேட்டு எழுதுகிறார்கள் என்பதே நியாயத்தின் அளவுகோல். டுவர்ஷாக்கில் அந்த மேசையில் முதலில் இடம் பெற்றிருக்க வேண்டியவர்களுக்கு, அணை எழுந்து 30 ஆண்டுகளுக்குப் பிறகுதான் உரிய இடம் கிடைத்தது. புதிய அணைகளைத் திட்டமிடும் நாடுகள் எண்ணிப் பார்க்க வேண்டிய தாமதம் இது.