ஆரோவில் தாவரவியல் பூங்கா

ஆரோவில் தாவரவியல் பூங்கா என்பது புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்த ஆரோவில் குடியிருப்பில் 2000ஆம் ஆண்டு ஏறத்தாழ 50 ஏக்கர் பரப்பில் தொடங்கப்பட்ட, சோழமண்டலக் கரைக்கு உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் தாவரங்களைத் திரட்டி வளர்ப்பதை முதன்மை நோக்கமாகக் கொண்ட பூங்கா ஆகும். பொழுதுபோக்குப் பூங்காவிலிருந்து தாவரவியல் பூங்காவைப் பிரித்துக் காட்டுவது பதிவேடு. அதாவது, ஒவ்வொரு செடியும் எந்த இனம், அதன் விதை எங்கிருந்து எப்போது எடுக்கப்பட்டது என்னும் விவரங்களோடு வளர்க்கப்படும்போதுதான் அது ஆய்வுக்கும் பாதுகாப்புக்கும் உதவும் உயிருள்ள தொகுப்பாகிறது.

உலர் பசுமைமாறாக் காடு என்பது, ஆண்டின் பெரும்பகுதி வறண்டும் வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் மட்டும் மிகுதியாக நனைந்தும் கிடக்கும் நிலத்தில், இலையை ஒருசேர உதிர்க்காமல் தடித்த சிறு இலைகளால் ஈரத்தைக் காத்துக்கொள்ளும் குட்டையான, அடர்ந்த காடாகும். இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியன், சேத் ஆகிய இருவரும் 1968இல் வெளிவந்த தம் நூலில் இதனைத் தனி வகையாகவே காட்டினர். பாலை, காயா, வீரை, கருங்காலி முதலியவை இதன் மரங்கள். இலங்கையின் வன்னிப் பகுதிக் காடுகளிலும் பாலை மிகுதி. பாலைப்பழத்தின் இனிப்பு அங்குள்ளோர் நாவில் இன்னும் இருக்கிறது. சப்போட்டாவை ஒட்டுக்கட்ட வேர்ச்செடியாகப் பயன்படுவதும் இந்தப் பாலையே என்பதால், காட்டு மரமொன்றின் தயவில்தான் தோட்டப்பழம் ஒன்று நிற்கிறது எனலாம். காயாவின் நீலப்பூவைத் திருமாலின் நிறத்துக்கு உவமையாக்கினர் பழந்தமிழ்ப் புலவர். அதன் இலையையோ சாயவேரோடு சேர்த்துத் துணிக்குச் செஞ்சாயம் ஏற்றக் கரையோரச் சாயக்காரர்கள் பயன்படுத்தினர். ஒரு செடியின் மதிப்பைச் சந்தை விலையால் மட்டும் அளப்பது எவ்வளவு குறைபட்ட அளவை என்பதற்குக் காயா ஒன்றே போதிய சான்று.

விறகுக்கும் வேளாண்மைக்கும் அழிக்கப்பட்ட இக்காடு, சிறு துண்டுகளாக எஞ்சியிருப்பது பெரும்பாலும் கோயில் காடுகளிலேயே ஆகும். மரக்காணம் செல்லும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீசுவரர் அய்யனார் கோயிலைச் சூழ்ந்த காடு அவற்றுள் ஒன்று. அய்யனாருக்கு அஞ்சி, மரம் வெட்டத் துணியாத ஊர்மக்களின் பக்தியே பல தலைமுறைகளாக விதைகளைக் காத்துவந்தது. தாவரவியல் பூங்கா என்னும் சொல் இந்நாட்டில் வழங்குவதற்கு முன்பே அதன் வேலையில் பாதியைச் செய்தவை இக்காடுகள் என்பது மிகையன்று.

1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது அங்கிருந்தது மழைநீர் அரித்தோடிய செம்மண் மேடு. நீரைத் தேக்க வரப்பெழுப்பி, ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட வேகமாக வளரும் அக்கேசியா போன்ற மரங்களை நிழலுக்காக முதலில் நட்ட குடியிருப்பாளர்கள், அந்நிழலின்கீழ் மண்ணின் மரங்களைப் பின்னர் வளர்த்தெடுத்தனர். அவ்வுழைப்பின் தொடர்ச்சியே இப்பூங்கா.

பூங்காவில் வளரும் மரத்தைத் தவிர வேறு சேமிப்பு பல இனங்களுக்குப் பொருந்தாது. நாவல் போன்றவற்றின் விதை உலர்ந்தால் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடுவதால், உலர்த்திக் குளிரில் வைக்கும் விதை வங்கிகளில் அவற்றைக் காக்க முடியாது. பழம் உதிரும் நாளறிந்து பொறுக்கி, தாமதமின்றி நாற்றங்காலில் இடும் கைகள் வேண்டும். ஆகவே இத்தகைய பூங்காவுக்கு மக்கள் அளிக்கும் ஆதரவு என்பது நன்கொடையோடு முடிவதில்லை. விதை சேகரித்தல், பெயர்ப்பலகை எழுதுதல், களையெடுத்தல், பள்ளிப் பிள்ளைகளுக்கு மரங்களை அடையாளம் காட்டுதல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும்.

மக்கள் பொருளுதவியில் தோட்டம் உருவாவது தமிழகத்துக்குப் புதிதன்று. உதகை அரசு தாவரவியல் பூங்காவின் தொடக்கமே, அங்கு வாழ்ந்த ஐரோப்பியர் 1845இல் சந்தா செலுத்தித் தமக்கெனக் காய்கறி பயிரிட்ட தோட்டம்தான். இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவில் பயின்ற வில்லியம் மெக்ஐவர் 1848இல் பொறுப்பேற்ற பிறகே அது தாவரவியல் பூங்காவாக வடிவம் பெற்றது. ஆனால், உதகைச் சந்தாதாரர் தம் உணவு மேசைக்குரிய பயனை உடனே கண்டனர். கருங்காலிக் கன்றை ஊன்றுபவரோ அது வயிரம் பாயும் நாளைக் காணப்போவதில்லை என அறிந்தே நீர் ஊற்றுகிறார்.