விலாங்கு எங்கே போச்சு? தாமிரபரணி மீன்களின் கதை



நம்ம சங்கரன்கோவில் வட்டாரத்து நிட்சேபநதி மழை பெய்தால்தான் ஓடும். வருஷம் முழுக்க ஆற்றுமீன் வேண்டுமென்றால் தாமிரபரணிக்குத்தான் போகணும். அங்கே இன்றைக்குத் தூண்டில் போட்டால் சுலபமாக மாட்டுவது ஜிலேபிக் கெண்டை. பெரியவர்கள் சொல்கிற விலாங்கும் அயிரையும் ஏன் அருகிப் போயின?

விலாங்கு ஆற்றில் வளர்ந்தாலும் முட்டையிடக் கடலுக்குப் போகும். அதன் குஞ்சுகள் புன்னக்காயல் முகத்துவாரம் வழியாக மறுபடி ஆற்றில் ஏறும். கெண்டை வகைகள் பலவும் புதுவெள்ளம் கண்டால் எதிரேறிப் போய் முட்டையிடும். குளத்தில் மறுகால் பாயும்போது மீன் துள்ளி ஏறுவதை நீங்களே பார்த்திருப்பீங்க. ஆக, மீனுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, போக்குவரத்துக்கு வழியும் வேணும்.

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19-ஆம் நூற்றாண்டில் கட்டியது. பிறகு 1940-களில் பாபநாசம் அணையும், 1958-ல் மணிமுத்தாறு அணையும் வந்தன. நெல்லும் வாழையும் விளைந்தது இவற்றால்தான். குறை சொல்ல முடியாது. ஆனால் ஏறிவரும் மீனுக்கு இவை மதில்சுவர். பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் 1873-லேயே இந்திய ஆற்றுமீன்களைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அணைக்கட்டுகளில் மீன் ஏற வழி விடணும், சிறு கண்ணி வலைகளைக் கட்டுப்படுத்தணும் என்பது அவர் யோசனை. 1897-ல் வந்த மீன்வளச் சட்டம், வெடி போட்டும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது.

அடுத்து வெளியூர் மீன்கள் வந்தன. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஜிலேபிக் கெண்டை 1952-ல் இந்தியாவுக்குள் வந்தது. தாய் மீன் முட்டையை வாயிலேயே வைத்துக் காக்கும். வருஷத்தில் பல தடவை குஞ்சு பொரிக்கும். அதற்கு வெள்ளமும் வேண்டாம், எதிரேற்றமும் வேண்டாம். தேங்கிய தண்ணீரே போதும். 1957-ல் ஊசி மருந்து போட்டுக் கெண்டையை முட்டையிட வைத்தார்கள். அதன் பிறகு வடநாட்டுக் கட்லா, ரோகு குஞ்சுகள் நம்ம குளங்களுக்கும் வந்தன. மீன்பாசி ஏலம் எடுத்தவருக்கு இது லாபம்தான்.

அயிரையின் கதை வேறு. அது மணலில் புதைந்து வாழும் மீன். மணலை அள்ளினால் அதன் வீடே போச்சு. நல்லகண்ணு தொடர்ந்த வழக்கில் 2010-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. அந்தத் தடை மனுஷனுக்கு மட்டுமல்ல, அயிரைக்கும் நன்மைதான்.

சரி, நம்மால் என்ன செய்ய முடியும்?

மறுகாலில் ஏறும் சினைமீனை அடித்துப் பிடிக்காதீங்க. ஒரு மீனோடு ஆயிரக்கணக்கான முட்டையும் போகும். குஞ்சையும் வாரும் கொசுவலையை விட்டுவிடுங்க. ஆப்பிரிக்கக் கெளுத்தியை எந்தக் குளத்திலும் விடக்கூடாது. அது தடை செய்யப்பட்ட மீன். கரை தாண்டினால் நாட்டு மீனைத் தின்று தீர்த்துவிடும். கோடையில் குளம் வற்றும்போது ஆழமான ஒரு பள்ளத்தையாவது இறைக்காமல் விடுங்க. அதில் தங்கும் விராலும் கெளுத்தியும்தான் அடுத்த மழைக்கு விதை.

விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுகிறவன் விவசாயி இல்லை. மீனுக்கும் அதே கணக்குத்தான்.