கைக்கு அகப்படாத புடைப்பு

முழங்காலருகே அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரேபோல் எலும்பு புடைத்திருந்தால், ஊரார் அதைக் குடும்ப வாகு என்று விட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். அந்தப் புடைப்பு குருத்தெலும்புத் தொப்பி போட்ட, புற்றல்லாத கட்டி. அரிதாக அதே கட்டி முதுகெலும்புக் குழாய்க்குள் வளர்ந்து தண்டுவடத்தை நெரிக்கும். கால் மரத்து நடை தளரும். திருக்கோவிலூர் போன்ற ஊரின் பழங்கதைகளில் இந்நோய்க்குப் பெயரில்லை என்றால், நோய் இல்லாததல்ல, பார்க்க வழியில்லாததே காரணம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள கோளாறு ஊர் பார்த்து வருவதில்லை.

1895-லேயே எக்ஸ்ரே வந்துவிட்டதே என்று கேட்கலாம். கைகால் புடைப்பை அது காட்டிவிடும். முதுகிலோ எலும்பின் மேல் எலும்பாக நிழல் விழுந்து உள்வளர்ச்சி மறைந்துபோகும். அதைக் காட்டக்கூடிய சி.டி. ஸ்கேன் நோயாளியிடம் முதலில் பயன்பட்டது 1971-ல். அறுவை முந்திக்கொண்டது: வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949-லும், சென்னையில் பா. ராமமூர்த்தி 1950-லும் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அங்கே அனுப்ப, முதலில் யாராவது சந்தேகப்பட வேண்டுமே! கால் இழுத்தவருக்கு வாதம் என்று எண்ணெய் தடவியிருந்தால் அதை அறியாமை என்று ஏசுவது நியாயமில்லை. திருக்கோவிலூர் இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதே 2022 ஜனவரியில்தான்.