செல்லுமா இந்தப் பட்டம்? தபால் பாடத்திலிருந்து ஆன்லைன் பி.பி.ஏ. வரை

ஆன்லைனில் பி.பி.ஏ., பி.சி.ஏ. சேரலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் கேட்பது பாடத்திட்டத்தைப் பற்றி அல்ல. "இது செல்லுமா?" என்றுதான் கேட்கிறார்கள். ரூபாய் நோட்டுக்குக் கேட்கிற கேள்வி இது. படிப்புக்கும் அதே கேள்வியைக் கேட்கிற பழக்கம் நம்ம ஊரில் எப்போது வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடல் 1857 வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கிடைத்ததைக் குறிப்பாக எழுதி வைக்கிறேன்.

பாடம் நடத்தாத பல்கலைக்கழகம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5 அன்று சட்டப்படி உருவானது. இன்றைக்குப் பல்கலைக்கழகம் என்றதும் வகுப்பறை, பேராசிரியர், நூலகம் என்று மனதில் வருமில்லையா, அதெல்லாம் அப்போது அதனிடம் கிடையாது. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்து அமைத்தது அது. தேர்வு நடத்தும், பட்டம் கொடுக்கும், அவ்வளவுதான் வேலை. சொந்தமாகத் துறைகள் வைத்துப் பாடம் நடத்த ஆரம்பித்ததெல்லாம் இருபதாம் நூற்றாண்டில்தான்.

அதன் முதல் பட்டதாரிகள் இரண்டு பேர்: சி.வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை சென்னைக்கு வந்தது பட்டம் படிக்க அல்ல, 'தினவர்த்தமானி' பத்திரிகையின் ஆசிரியர் வேலைக்கு. அந்த வேலைக்கு நடுவில் தேர்வு எழுதி பி.ஏ. ஆனார். பிற்பாடு கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் பதிப்பித்தவர் என்றுதான் அவரை நமக்குத் தெரியும். ஆனால் நடுவில் அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்குச் சாலையிலும் வேலை பார்த்திருக்கிறார்.

ஆக, நம்ம பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரி, வேலை பார்த்துக்கொண்டே தேர்வெழுதியவர். படித்த இடம் கடலுக்கு அந்தப் பக்கம், பட்டம் கொடுத்த இடம் இந்தப் பக்கம். "காலேஜுக்குப் போகாம வாங்கின பட்டமா?" என்று இளக்காரமாகக் கேட்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும்.

லண்டன் பல்கலைக்கழகமும் 1858இல் ஒரு படி மேலே போனது. எந்தக் கல்லூரியில் படித்தார்கள் என்று பார்க்காமல், யார் வேண்டுமானாலும் தேர்வு எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. அந்த வெளிமாணவர் முறை இன்றைக்கும் நடக்கிறது.

அஞ்சல் தலையும் சுருக்கெழுத்தும்

தபால் வழிக் கல்வி என்றதும் எல்லோரும் சொல்கிற பெயர் ஐசக் பிட்மன். இங்கிலாந்தில் 1840இல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தது. அதே சமயத்தில் பிட்மன் தன் சுருக்கெழுத்துப் பாடத்தை அஞ்சலில் அனுப்பி, மாணவர்கள் எழுதி அனுப்பியதைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். தபால் மலிவானதும் பாடம் தபாலில் ஏறிவிட்டது. இந்தியாவில் தூரம் பார்க்காமல் நாடு முழுக்க ஒரே தபால் கட்டணம் வந்தது 1854இல்.

இதில் கவனிக்க வேண்டியது, தபாலில் முதலில் போன பாடம் இலக்கியமோ தத்துவமோ அல்ல, ஆபீஸ் வேலை. தமிழ்நாட்டில் இதற்கு நேர் வாரிசு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். 'லோயர்', 'ஹையர்' என்று தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிற தேர்வுகளை லட்சக்கணக்கான குடும்பங்களுக்குத் தெரியும். தெருமுனை மாடியில் எங்கே கற்றுக்கொண்டாலும் பரவாயில்லை. தேர்வு நடத்துவது அரசு, அதனால் சான்றிதழ் செல்லும். 1857இன் அதே சூத்திரம்தான்.

சங்கு ஊதும் ஊர்

நான் இருக்கிறது விம்கோ நகர். ஊரின் பெயரே ஒரு கம்பெனியின் பெயர். ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனம் 1923இல் இந்தியாவில் தொடங்கிய 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி'யின் சுருக்கம் விம்கோ. அந்த ஆலைப் பெயரே ரயில் நிலையத்துக்கும் வந்தது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து நீட்டித்த மெட்ரோவுக்கும் அதே பெயர்தான்.

சுற்றிலும் பார்த்தால் திருவொற்றியூரில் 1946இல் பலூன் பட்டறையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., எண்ணூரில் அசோக் லேலண்ட், 1950களில் வந்த என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிள் ஆலை, கார்போரண்டம் யுனிவர்சல். இந்த மாதிரி ஊரில் நேரத்தைச் சொல்வது ஆலைச் சங்கு. ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் மதியம், அதற்கடுத்து நைட். இப்படி வாரத்துக்கு வாரம் மாறுகிறவனால் ரெகுலர் கல்லூரிக்கு மட்டுமல்ல, மாலைக் கல்லூரிக்கும் ஒழுங்காகப் போக முடியாது.

ஆனால் படிப்பின் தேவை ஆலைக்குள்ளேயே இருந்தது. மெஷின் பக்கம் இருக்கிறவனுக்கும் டைம் ஆபீஸ், ஸ்டோர்ஸ், கணக்குப் பிரிவு பக்கம் இருக்கிறவனுக்கும் நடுவில் ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டைத் தாண்ட ஒரு பட்டம் வேணும். ஸ்டோர்ஸில் பின் கார்டு எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது, அதை எழுதத் தகுதி இருக்கு என்று சொல்கிற தாள் வேணும். இந்த இடைவெளியில்தான் அஞ்சல் வழிக் கல்வி வந்து உட்கார்ந்தது.

கரஸ்பாண்டன்ஸ் காலம்

இந்தியாவில் அஞ்சல் வழிப் பட்டப்படிப்பை 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரை 1971இல் வந்தது, அண்ணாமலை 1979இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல் வழிக் கல்வி நிறுவனம் 1981இல். "கரஸ்ல படிக்கிறேன்" என்பது தமிழ்நாட்டில் தனிச் சொல்லாகவே ஆகிப்போச்சு. கட்டுக்கட்டாகப் பாடப் புத்தகம் வீட்டுக்கு வரும். விடுமுறை நாட்களில் தொடர்பு வகுப்பு நடக்கும். தேர்வு மட்டும் நேரில்.

இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், நாம் சொல்கிற இக்னோ, 1985இல் சட்டப்படி உருவானது. 1987இல் அது நடத்திய முதல் படிப்புகள் இரண்டே இரண்டு: தொலைநிலைக் கல்வியில் டிப்ளமா, மேலாண்மையில் டிப்ளமா. சேர்ந்தவர்கள் 4,528 பேர். நாட்டுக்கே பொதுவான திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வெளிமாணவர்களுக்கென்று எடுத்த முதல் பாடம் மேலாண்மை. பிட்மன் காலத்துக் கதைதான், சுருக்கெழுத்து இருந்த இடத்தில் மேனேஜ்மென்ட் வந்திருக்கு.

ஏன் இந்த இரண்டு பாடங்கள்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வணிக நிர்வாகமும் கம்ப்யூட்டர் தகவல் அமைப்புகளும் சேர்ந்த பட்டம் நிறைய உண்டு. இந்தக் கூட்டு ஏன் என்பதற்கு லண்டனில் ஒரு பழைய விடை இருக்கிறது. அங்கே தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ் கம்பெனி, 'லியோ' என்று தனக்கென ஒரு கம்ப்யூட்டர் கட்டியது. 1951 நவம்பரில் அது தொடர்ந்து செய்யத் தொடங்கிய வேலை, பேக்கரிச் சரக்கின் மதிப்பைக் கணக்குப் போடுவது. ஆபீஸ் வேலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது ரொட்டிக் கணக்கின் வழியாக. பிறகு சம்பளப் பட்டியல், இருப்புக் கணக்கு என்று வேலை பெருக, இந்த வேலைக்கென்று தனிப் படிப்பு வேணும் என்ற பேச்சு வந்தது. அமெரிக்கக் கம்ப்யூட்டர் அறிஞர்களின் சங்கமான ஏ.சி.எம். 1972இல் தகவல் அமைப்புகளுக்கென்று ஒரு பாடத்திட்டப் பரிந்துரையே வெளியிட்டது.

நம்ம ஊரில் அது பி.பி.ஏ., பி.சி.ஏ. என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அந்தக் கூட்டுக்கு நெருங்கிய சொந்தம் என்றால் பி.காம். (சி.ஏ.), அதாவது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் சேர்த்த பி.காம்.

தொலைநிலையில் இந்தப் பாடங்கள் இவ்வளவு பெருகியதற்கு இன்னொரு காரணம் விதிமுறை. பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம், கட்டடக்கலை எல்லாம் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யூ.ஜி.சி. விலக்கி வைத்திருக்கிறது. உலையும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம், ஒரு மேசையும் கம்ப்யூட்டரும் போதும் என்கிற படிப்புகளே மிஞ்சும். அதிலும் சம்பளத்துக்கு வழிகாட்டுவதாக ஜனங்கள் நம்புவது நிர்வாகமும் கம்ப்யூட்டரும்.

செல்லாக் காசு ஆன கதை

இப்போது கசப்பான பகுதி. அஞ்சல் வழியோடு கூடவே, 'ஓபன் யுனிவர்சிட்டி முறை' என்று ஒன்றும் பல்கலைக்கழகங்களில் இருந்தது. குறிப்பிட்ட வயது நிரம்பியிருந்தால் போதும், பிளஸ் டூ இல்லாமலேயே இளநிலை, ஏன், இளநிலையே இல்லாமல் எம்.ஏ.கூடப் படிக்கலாம். பதினைந்து பதினாறு வயதில் வேலைக்குப் போனவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வாசல் என்று ஆலைப் பகுதியில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2009 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் தீர்ப்பு சொன்னது. முதல் பட்டம் இல்லாமல் வாங்கிய முதுநிலைப் பட்டம், யூ.ஜி.சி.யின் 1985ஆம் ஆண்டு விதிகளுக்கு முரண் என்பது அதன் சாரம். அதே வருஷம் ஆகஸ்ட் 18 அன்று தமிழ்நாடு அரசு, அரசாணை 107ஐ வெளியிட்டது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் வந்தவர்களின் திறந்தநிலைப் பட்டம்தான் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படும்.

இந்த முடிவில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். படிப்படியாக ஏறுவதற்கு ஓர் அர்த்தம் உண்டு. ஆனால் கதவைத் திறந்தது பல்கலைக்கழகம், கட்டணம் வாங்கியது பல்கலைக்கழகம், தேர்வு வைத்து முத்திரை குத்தியதும் பல்கலைக்கழகம். விலை கொடுத்தது மட்டும் படித்தவர். இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தேர்வு எழுதப் போனவரின் கையில் இருந்த தாள், அரசாங்க வேலைக்குச் செல்லாக் காசாகிப்போச்சு.

2017 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு வந்தது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்களை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களுக்குத் தனியாகத் தேர்வு வைக்கச் சொன்னது. அதன் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து.

இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். முதல் வழக்கில் இடறியது படி தாண்டியது. இரண்டாவதில் இடறியது, உரிய அனுமதி இல்லாமல் நடத்தக் கூடாத பாடத்தை நடத்தியது. "தபாலில் படித்தார்கள்" என்பதற்காக மட்டும் எந்தப் பட்டமும் விழவில்லை. ஆனால் தெருவில் பேச்சு என்னவோ "கரஸ் பட்டம் செல்லாதாம்" என்றுதான் பரவியது.

இப்போது

2020 செப்டம்பரில் யூ.ஜி.சி. தொலைநிலைக்கும் ஆன்லைனுக்கும் சேர்த்து ஒரே ஒழுங்குமுறை கொண்டுவந்தது. அதன்படி அனுமதி பெற்ற நிறுவனத்தில் வாங்கும் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம். 2022இல் யூ.ஜி.சி. இதை மறுபடியும் தெளிவுபடுத்தியது. 2020 ஜூனில் சென்னை ஐ.ஐ.டி. புரோகிராமிங், டேட்டா சயின்ஸில் ஆன்லைன் பட்டப்படிப்பை அறிவித்தது. பாடம் வீட்டில், தேர்வு மையத்தில் நேரில். 1857 முறையேதான், காகிதத்துக்குப் பதில் கம்ப்யூட்டர் திரை. 2024-25இலிருந்து பி.பி.ஏ., பி.சி.ஏ. படிப்புகளே ஏ.ஐ.சி.டி.இ. வரம்புக்குள் வந்துவிட்டன.

எங்கள் பக்கத்தில் தேவையும் மாறியிருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கன்டெய்னர் முனையம் வந்தது, 2001இல் எண்ணூர்த் துறைமுகம். இப்போது மணலி, பொன்னேரி சாலைப் பக்கமெல்லாம் கன்டெய்னர் யார்டுதான். சுங்கத் தாக்கல் எல்லாம் கம்ப்யூட்டரில். சுங்கத் தரகர் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டுமானால் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்று விதி. கூடவே மேலாண்மை மாதிரியான தொழில் படிப்போ, ஜி-கார்டு வைத்து இரண்டு வருஷ அனுபவமோ கேட்கிறார்கள். யார்டில் வேலை பார்க்கிற பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன், பத்தாவது முடித்தவன், "ண்ணா, நேரா ஆன்லைன்ல பி.பி.ஏ. சேந்துடலாமா?" என்று கேட்டபோது, அரசாணை 107ஐத்தான் நான் முதலில் சொன்னேன். முதலில் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுது, பட்டம் எங்கேயும் ஓடிப் போகாது என்றேன். அவனுக்கு அது ரொம்பப் பிடிக்கவில்லை. வருஷம் வீணாகுதே என்ற கவலை. நியாயமான கவலைதான்.

யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். யூ.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்வி இணையதளத்தில் அந்த நிறுவனம், அந்தப் படிப்பு, நீங்கள் சேரும் அந்தப் பருவம், மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். போன வருஷம் அனுமதி இருந்தது என்பது இந்த வருஷத்துக்கு உதவாது. உங்கள் பத்து, பன்னிரண்டு வரிசையைச் சரிபாருங்கள். அனுமதிக் கடிதத்தைச் சேரும் அன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து ஒரு பதவி உயர்வுக் கோப்பில் யாரோ கேட்கும்போது, அந்தப் பக்கம் இணையத்தில் இல்லாமல் போயிருக்கலாம்.